லாரித் தண்ணீர்ச் செலவை யார் எவ்வளவு கட்டுவது? அடுக்ககக் கூட்டத்தில் உடன்பாட்டுக்கு வர முழுமையான வழிகாட்டி

ஏப்ரல் பிறந்து போர்க்கிணறு (ஆழ்துளைக் கிணறு) வற்றியதும் சென்னையின் அடுக்ககங்களில் ஒரே சண்டைதான். லாரித் தண்ணீர்ச் செலவை வீட்டுக்கு வீடு சமமாகப் பிரிப்பதா, சதுர அடிக்கா, ஆளுக்கா, மீட்டர் வைப்பதா? 15 முதல் 60 வீடுகள் வரை உள்ள குடியிருப்புகளில் இந்தச் சண்டையை எப்படி ஒரு முடிவுக்குக் கொண்டுவருவது என்பதற்கான செயல்முறை இது.

புதிதாகச் செயலாளரானவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, கூட்டத்தைக் கூட்டி "சொல்லுங்க, என்ன பண்ணலாம்?" என்று ஆரம்பிப்பது. கேட்ட மாத்திரத்தில் ஆளுக்கொரு தீர்வு வந்துவிடும். எல்லார் முன்னாலும் ஒரு தீர்வைச் சொன்னவர் அதை எல்லார் முன்னாலும் விட்டுக்கொடுக்க மாட்டார். அதனால் வரிசை முக்கியம். முதலில் அளவு, அடுத்து வீடுகளின் கஷ்டம், பிறகு எல்லாரும் ஒப்புகிற நிபந்தனை, தீர்வு கடைசியில். படிகளை இடம் மாற்றினால் நல்ல யோசனைகூடத் தோற்கும்.

கணக்குக்கு ஓர் அடுக்ககத்தை எடுத்துக்கொள்வோம். 24 வீடுகள்: 600 சதுர அடியில் 8, 950-ல் 12, 1,400-ல் 4. இரண்டு வீடு பூட்டிக் கிடக்கிறது. மீதி 22 வீட்டில் 78 பேர். கோடையில் வேறு தண்ணீர் இல்லாமல் மாதம் 30 லோடு, லோடு 12,000 லிட்டர், விலை 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதச் செலவு 45,000 ரூபாய்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மூன்று வார அவகாசம் வேண்டும். இந்த வேலைக்கு ஜனவரி, பிப்ரவரிதான் நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை முடிந்து போரில் தண்ணீர் இருக்கும். யாரும் காலிக் குடத்தோடு பேச வரமாட்டார்கள். மே மாதம் லாரி வராத அன்று கூட்டம் போட்டால் நிரந்தர முடிவு எதுவும் எடுக்காதீர்கள். அந்த மாதத்துக்கு மட்டும் ஓர் ஏற்பாடு செய்துவிட்டு எழுந்துவிடுங்கள்.

சங்கத்தின் பதிவான பைலாவின் (சங்க விதிகளின்) நகல் வேண்டும். பொதுச் செலவை எப்படிப் பங்கிடுவது என்று அதில் ஏற்கெனவே எழுதியிருக்கலாம். 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிந்த சங்கமோ, 2022-ஆம் ஆண்டு தமிழ்நாடு அடுக்குமாடி உரிமையாளர்கள் சட்டத்துக்குள் வரும் சங்கமோ, பைலாவுக்கு முரணாகத் தீர்மானம் போட்டால் பிடிக்காத ஒருவர் அந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கவிழ்க்க முடியும். பைலாவைத் திருத்தத்தான் வேண்டும் என்றால் அதற்குத் தனி நடைமுறை உண்டு. முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொண்டு கூட்டத்திலும் சொல்லிவிடுங்கள்.

போன கோடையின் மூன்று மாத லாரி பில்கள், ஒரு நீளமான அளவுகோல், ஒரு நோட்டு, நாலைந்து சார்ட் தாள், ஸ்கெட்ச் பேனா. இவ்வளவு போதும்.

1. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"தண்ணீர்ப் பிரச்சினை" என்று நோட்டீஸ் ஒட்டினால் வருகிறவர்கள் கார் கழுவுவது, மூன்றாம் மாடிக்காரர் பாக்கி, பழைய செயலாளர் கணக்கு என்று எல்லாவற்றையும் கொண்டுவருவார்கள். கேள்வி குறுகலாக இருக்க வேண்டும்: "ஏப்ரல் முதல் ஜூன் வரை லாரித் தண்ணீர்ச் செலவை வீடுகளுக்குள் எப்படிப் பிரிப்பது?"

இதில் மூன்று வரம்புகள் இருக்கின்றன. செலவு லாரிக்கு மட்டும். மெயின்டனன்ஸ் முழுக்க அல்ல. காலம் மூன்று மாதம். முடிவு செய்வது பங்கீடு மட்டும். வரம்பு தெரிந்தால் பயம் குறையும். மெயின்டனன்ஸ் மொத்தமும் மாறப்போகிறது என்று நினைப்பவர் வாயிலிலேயே மறித்து நிற்பார்.

"சமமாகப் பிரிக்கலாமா?" என்று கேள்வியிலேயே ஒரு தீர்வை நுழைத்துவிடாதீர்கள். அது ஆம், இல்லை என்று இரண்டு கட்சியை உண்டாக்கிவிடும்.

2. பதினாலு நாள் அளந்து எழுதுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப்போகிறவர்கள்தான் அதிகம். சண்டையில் பாதி எண் தெரியாததால் வருவது. "அவங்க வீட்டுலதான் எல்லாத் தண்ணியும் போகுது" என்ற வாக்கியம் அளவு இல்லாத இடத்தில்தான் பிழைக்கும்.

அளப்பவர்கள் இருவர் இருக்க வேண்டும், அவர்கள் எதிரெதிர்க் கருத்து உடையவர்களாக இருக்க வேண்டும். சதுர அடிக் கணக்கு கேட்பவரும் சமப் பங்கு கேட்பவரும் சேர்ந்து சம்ப்புக்குள் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டிக்குள்) அளவுகோல் விட்டு எழுதிய எண்ணை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். செயலாளர் மட்டும் எழுதினால் "செக்ரட்டரி கணக்கு" என்று பெயர் வந்துவிடும்.

முதலில் லாரியை அளங்கள். சம்ப்பின் உள் நீளம் 4 மீட்டர், அகலம் 3 மீட்டர் என்றால் தண்ணீர் ஒரு செ.மீ. ஏறினால் 120 லிட்டர். 12,000 லிட்டர் இறங்கினால் மட்டம் சரியாக 100 செ.மீ. ஏற வேண்டும். 88 செ.மீ.தான் ஏறியது என்றால் வந்தது 10,560 லிட்டர். லாரி இறக்கும்போது மோட்டாரை நிறுத்துங்கள், குடிநீர் வாரியக் குழாய் இருந்தால் அதன் வால்வையும் மூடுங்கள். இல்லாவிட்டால் ஒரு பக்கம் ஏறும், ஒரு பக்கம் இறங்கும், அளந்தது வீண்.

அடுத்தது இரவுச் சோதனை. மொட்டைமாடித் தொட்டியின் மட்டத்தை இரவு 12 மணிக்கும் விடியற்காலை 4 மணிக்கும் மோட்டார் ஓடாத நிலையில் குறியுங்கள். தொட்டி 2.5 மீட்டருக்கு 2 மீட்டர் என்றால் ஒரு செ.மீ. 50 லிட்டர். நாலு மணி நேரத்தில் 5 செ.மீ. இறங்கினால் 250 லிட்டர். அதே வேகத்தில் நாள் முழுக்க ஒழுகினால் 1,500, மாதத்துக்கு 45,000 லிட்டர். ஏறக்குறைய நாலு லோடு. இரவில் ஒன்றிரண்டு பேர் எழுந்து பாத்ரூம் போயிருப்பார்கள், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். மீதி பெரும்பாலும் ஃப்ளஷ் தொட்டிக் கசிவு. சந்தேகமான வீட்டில் ஃப்ளஷ் தொட்டிக்குள் கொஞ்சம் கலர்ப்பொடி கரைத்துவிட்டு 15 நிமிடம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் இருந்தால் போதும். கோப்பைக்குள் நிறம் வந்தால் உள் வாஷர் போய்விட்டது.

மூன்றாவது, ஆளுக்கு எவ்வளவு என்ற கணக்கு. 30 லோடு என்பது 3,60,000 லிட்டர். 78 பேர், 30 நாள் என்று வகுத்தால் ஒருவருக்கு நாளுக்குச் சுமார் 154 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு மத்திய அரசின் குடிநீர் வழங்கல் கையேடு சொல்லும் அளவு 135 லிட்டர். அந்த 19 லிட்டர் வித்தியாசத்தை 78 பேருக்கும் மாதம் முழுக்கவும் பெருக்கினால் 44,460 லிட்டர். இரவுச் சோதனை காட்டிய கசிவும் ஏறக்குறைய அதேதான்.

பங்கீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே எல்லாரும் ஒப்புகிற ஒரு வேலை கிடைத்துவிட்டது. வாஷர் மாற்றுவதை எந்தக் கட்சியும் எதிர்க்காது. அதைக் கூட்டத்துக்கு முன்பே செய்து முடிக்காமல் ஒரு பகுதியை விட்டுவையுங்கள். ஏன் என்பது ஆறாம் படியில் வரும்.

3. கூட்டத்துக்கு முன் வீடு வீடாகப் போங்கள்

கூட்டத்தில் மனிதர்கள் தங்கள் நிலையைச் சொல்வார்கள். வீட்டுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்தால்தான் காரணத்தைச் சொல்வார்கள். "சதுர அடிதான் நியாயம்" என்பது நிலை. "பென்ஷன் இருபத்திரண்டாயிரம், அதுல மருந்துக்கே எட்டாயிரம் போகுது" என்பது காரணம். நிலைகளுக்கு நடுவே பொது இடம் கிடைக்காது. காரணங்களுக்கு நடுவே கிடைக்கும்.

இருவர் போங்கள். செயலாளரும் பொருளாளரும் வேண்டாம். பாக்கி கேட்க வந்த மாதிரி இருக்கும். ஒருவர் பேச, ஒருவர் எழுத. வீட்டுக்கு 20 நிமிடம். ஒரு நாளில் நாலு வீட்டுக்கு மேல் வேண்டாம், ஐந்தாவது வீட்டில் காது கேட்பதை நிறுத்திவிடும்.

நாலு கேள்விகள் போதும்:

"போன கோடையில உங்க வீட்டுக்கு எது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு?"
"எந்த முறை வந்தாலும் இது மட்டும் கூடாதுன்னு நினைக்கறது எது?"
"வேற எந்த வீட்டுக்கு இதுல அதிகக் கஷ்டம்னு நினைக்கறீங்க?"
"மாசம் எவ்வளவு வரைக்கும் தாங்கும்?"

மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். தன் வீட்டைப் பற்றி மட்டுமே பேசிவந்தவர் அங்கே ஒரு கணம் நிற்பார். "பாவம், கீழ் வீட்டு ஆன்ட்டி, படுக்கையில மாமியார், தினம் ரெண்டு தடவை துணி அலசணும்" என்று எதிர்க்கட்சிக்காரர் வாயாலேயே வரும். அதை நோட்டில் எழுதி அவரிடமே கேளுங்கள்: "அங்கிள், இதைக் கூட்டத்துல நீங்களே சொல்றீங்களா?" பாதிப் பேர் ஒப்புக்கொள்வார்கள்.

எழுதியதை எழுந்திருக்கும் முன் படித்துக்காட்டுங்கள். "இல்லப்பா, நான் அப்படிச் சொல்லல" என்று திருத்தம் வந்தால் நல்லது.

வாடகைக்கு இருப்பவர்களை விட்டுவிடுவது பெரிய பிழை. ஓட்டுரிமை உரிமையாளருக்குத்தான். ஆனால் தண்ணீரைப் பயன்படுத்துபவரும் பல இடங்களில் பணம் கட்டுபவரும் வாடகைக்காரர். இருவரிடமும் தனித்தனியே கேளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளருக்குப் போன் போடுங்கள். பூட்டிய வீட்டுக்காரரின் ஆட்சேபம்தான் கடைசி நிமிடத்தில் மின்னஞ்சலாக வந்து விழும்.

செய்யவே கூடாதது: ஒரு வீட்டில் கேட்டதை அடுத்த வீட்டில் "அவங்க ஒத்துக்கிட்டாங்க" என்று சொல்வது. மாலைக்குள் லிஃப்டில் செய்தி திரும்பிவிடும், அதற்கப்புறம் உங்களை யாரும் உள்ளே கூப்பிட மாட்டார்கள். ஆள் சேர்க்கப் போகவில்லை, கேட்கப் போகிறீர்கள்.

4. ஒரு பக்கத் தாளைத் தயார் செய்யுங்கள்

இதுவரை சேர்ந்ததை ஒரே பக்கத்தில் சுருக்குங்கள். மேலே அளவுகள். நடுவில் ஒவ்வொரு முறையிலும் யாருக்கு எவ்வளவு வரும் என்ற கணக்கு. கீழே வீடுகளில் கேட்ட காரணங்கள், பெயரும் பிளாட் எண்ணும் இல்லாமல்.

நடுப்பகுதிதான் முக்கியம். பரப்பளவை மட்டும் வைத்துக் கணக்குக் காட்டினால் சின்ன வீடு, பெரிய வீடு என்று இரண்டு முகாம் பிரியும். வீட்டையும் ஆட்களையும் சேர்த்துக் காட்டுங்கள்:

1,400 சதுர அடி, இரண்டு பேர்: சமப் பங்கில் 1,875, சதுர அடிக்கு 2,890, ஆளுக்கு 1,154 ரூபாய்.
600 சதுர அடி, ஐந்து பேர்: சமப் பங்கில் 1,875, சதுர அடிக்கு 1,239, ஆளுக்கு 2,885.
950 சதுர அடி, ஆறு பேர்: சமப் பங்கில் 1,875, சதுர அடிக்கு 1,961, ஆளுக்கு 3,462.
950 சதுர அடி, பூட்டிய வீடு: சமப் பங்கில் 1,875, சதுர அடிக்கு 1,961, ஆளுக்குக் கணக்கில் ஒன்றுமில்லை.

பெரிய வீட்டில் தனியாக இருக்கும் முதிய தம்பதியும் பூட்டிய வீட்டுக்காரரும் ஒரு கணக்கில் ஒரே பக்கம் வருகிறார்கள், இன்னொன்றில் பிரிகிறார்கள். "பெரிய வீட்டுக்காரங்க எல்லாம் ஒண்ணு" என்ற பேச்சு இந்தத் தாளுக்கு முன் நிற்காது.

மீட்டர் கேட்பவர்களுக்கும் தாளில் இடம் கொடுங்கள், உண்மை நிலையோடு. பழைய கட்டடங்களில் சமையலறைக்கு ஒரு குழாய், ஒவ்வொரு பாத்ரூமுக்கும் ஒரு குழாய் என்று மொட்டைமாடியிலிருந்து தனித்தனியே இறங்கும். வீட்டுக்கு மூன்று குழாய் என்றால் 24 வீட்டுக்கு 72 மீட்டர். மேல் மாடிக்கு ஏற்கெனவே அழுத்தம் குறைவு, மீட்டர் வைத்தால் இன்னும் குறையும். முடியாது என்று எழுதாதீர்கள். செலவையும் இந்தச் சிக்கலையும் எழுதிவிட்டு, இந்தக் கோடைக்கு இல்லை, அடுத்த பெயின்டிங்கோ குழாய் மாற்றமோ வரும்போது பார்க்கலாம் என்று குறிப்பிடுங்கள்.

தாளை நாலு நாள் முன்னதாகக் கதவடியில் போடுங்கள். வாட்ஸ்அப்பில் முதலில் போட்டால் கூட்டம் அன்றிரவே அங்கே நடந்துவிடும்; நாலு பேர் எழுதியதே எல்லாருடைய கருத்து என்றாகிவிடும்.

5. நாள், இடம், நடத்துபவர்

சனிக்கிழமை மாலை 6 மணி. ஒன்றரை மணி நேரம், அதற்கு மேல் இல்லை என்று நோட்டீஸிலேயே போடுங்கள். நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். மேடை மாதிரி மேசை போட்டு நிர்வாகிகள் ஒரு பக்கம் உட்கார்ந்தால் கேள்வியெல்லாம் அந்தப் பக்கம் பாயும். கார் பார்க்கிங்கில் நடத்தினால் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் வேண்டாம். சத்தத்துக்கு மேல் பேசும் எவருக்கும் குரல் தானாகவே கோபக் குரலாகிவிடும்.

நடத்துபவர் இந்தச் செலவில் பங்கில்லாதவராக இருப்பது நல்லது. பக்கத்து அடுக்ககத்தின் செயலாளரைக் கூப்பிடலாம்; அடுத்த மாதம் அங்கே நீங்கள் போங்கள். ஆள் கிடைக்காவிட்டால் உள்ளே இருப்பவர் நடத்தலாம், ஆனால் அன்று தன் கருத்தைச் சொல்லக் கூடாது.

6. முதல் அரைமணி எண்களுக்கு மட்டும்

"யார் எவ்வளவு கட்டணும்னு இப்ப பேசப்போறதில்லை. இந்தத் தாள்ல இருக்கற எண்கள்ல எது தப்புன்னு மட்டும் சொல்லுங்க." இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும். அளந்த இருவரும் எழுந்து எப்படி அளந்தார்கள் என்று சொல்லட்டும். ஒரு எண்ணில் சந்தேகம் வந்தால் வாதாடாதீர்கள். சம்ப்பு பத்தடி தூரத்தில்தான் இருக்கிறது, மூடியைத் திறந்து அளந்து காட்டுங்கள். ஆளுக்கணக்கில் "எங்க வீட்ல நாலு பேர் இல்ல, மூணு" என்றால் அங்கேயே திருத்துங்கள்.

பிறகு விட்டுவைத்த கசிவு வேலையை எடுங்கள். எந்த வீடுகளில் சோதனை பாக்கி, பிளம்பர் எந்த நாள், வாஷர் செலவு யாருடையது? இருபது நிமிடத்தில் எல்லாரும் கைதூக்கும் ஒரு முடிவு வந்துவிடும். பல வருடமாக எதிலும் ஒத்துப்போகாத கூட்டத்துக்கு "நாமும் ஒரு முடிவு எடுத்தோம்" என்ற பழக்கம் இங்கே வர வேண்டும். கடினமானதை முதலில் எடுத்தால் சுலபமானதற்கும் கை தூக்க மாட்டார்கள்.

7. தீர்வுக்கு முன் நிபந்தனைகள்

சுற்றி ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிடம். வாக்கியத்தின் தொடக்கத்தை நீங்கள் கொடுங்கள்: "எந்த முறையா இருந்தாலும், அது..." மீதியை அவர் முடிக்கட்டும்.

"எந்த முறையா இருந்தாலும், மாசா மாசம் மாறக் கூடாது."
"எந்த முறையா இருந்தாலும், வீட்டுக்குள்ள வந்து ஆள் எண்ணக் கூடாது."
"எந்த முறையா இருந்தாலும், அதிகமா செலவழிக்கறவங்க அதிகமா கட்டணும்."
"எந்த முறையா இருந்தாலும், ஊர்ல இல்லாதவன் முழுசா கட்டக் கூடாது."

சார்ட்டில் எழுதிக்கொண்டே போங்கள். யாராவது "சதுர அடி போட்டா முடிஞ்சுது" என்று தீர்வுக்குத் தாவினால், "அதுல உங்களுக்குப் பிடிச்சது எது சார்?" என்று கேளுங்கள். "பைலாவுல இருக்கு, யாரும் ஏமாத்த முடியாது" என்பார். எழுத வேண்டியது அதுதான்: பொய் சொல்ல வழி இருக்கக் கூடாது.

சுற்று முடிந்ததும் முரண்படும் இருவரைத் தேர்ந்தெடுத்து, ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். "நீங்க சொன்னது இதுதானே?" என்று கேட்டு அவர் "ஆமாம்" என்ற பிறகுதான் இவர் பதில் சொல்லலாம். முதல் தடவை சிரிப்பார்கள், விளையாட்டு மாதிரி இருக்கும். எதிராளி சொன்னதை முழுதாகக் கேட்டவர் எத்தனை பேர் என்பது இரண்டாவது தடவை தெரியும்.

பட்டியலில் 12, 15 வரிகள் சேரும். ஆட்சேபமே இல்லாதவற்றுக்கு ஒரு டிக் போடுங்கள். வழக்கமாக ஏழெட்டு வரிக்கு டிக் விழும்.

8. தீர்வுகளைச் சோதிக்க மூன்று பதில்கள்

இப்போதுதான் தீர்வுகள். மூன்று அல்லது நாலுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றையும் டிக் போட்ட நிபந்தனைகளோடு ஒப்பிடுங்கள். சமப் பங்கு "அதிகமா செலவழிக்கறவங்க" வரியில் தோற்கும். ஆளுக்கணக்கு மட்டும் என்றால் பூட்டிய வீடு ஒன்றுமே கட்டாது. ஆனால் அந்த வீட்டின் தீயணைப்புக்கும் பொது இடம் கழுவுவதற்கும் தண்ணீர் போகிறது.

பெரும்பாலும் கலவைக் கணக்குதான் நிற்கும். உதாரணத்துக்கு 40 சதவீதம் சமமாக, 60 சதவீதம் ஆளுக்கு. 18,000 ரூபாயை 24 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு 750. மீதி 27,000 ரூபாயை 78 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 346. இருவர் உள்ள வீட்டுக்கு 1,442, ஐவர் வீட்டுக்கு 2,481, அறுவர் வீட்டுக்கு 2,827, பூட்டிய வீட்டுக்கு 750. சதவீதத்தை மாற்றி மாற்றிச் சார்ட்டிலேயே போட்டுக்காட்டுங்கள். "நாற்பதா ஐம்பதா" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்றால் கொள்கைச் சண்டை முடிந்து பேரம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பேரத்துக்கு முடிவு உண்டு.

பைலா சதுர அடி என்று சொன்னால் இந்தக் கலவையைச் சங்கத்தின் கட்டணமாகக் கொண்டுவருவதற்கு முன் விதித் திருத்தம் தேவையா என்று பாருங்கள். ஆர்வத்தில் இதை மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

ஓட்டெடுப்பை உடனே நடத்தாதீர்கள். கட்டடத்தை இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்று 2022 சட்டம் சொல்கிறது. தினமும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறவர்களுக்குள் 13-க்கு 11 என்று ஜெயிப்பது வேறு கதை. அந்தப் பதினொரு வீடும் அடுத்த மாதம் பணத்தைத் தள்ளிப்போடும். முதலில் மூன்று பதில்களைக் கேளுங்கள்: "ஏத்துக்கறேன்", "பிடிக்கல, ஆனா தாங்கிக்குவேன்", "தாங்க முடியாது".

"தாங்க முடியாது" என்பவரிடம் ஒரே ஒரு கேள்வி: "என்ன மாத்தினா தாங்கிக்குவேன் பக்கம் வருவீங்க?" மாற்றத்தைச் சொல்ல வேண்டிய பொறுப்பு அவருடையது. நோயாளி உள்ள வீட்டுக்கு ஓர் ஆள் கணக்கைக் கழிப்பது, வாரக் கடைசியில் மட்டும் வருபவருக்கு அரை ஆள், உச்ச வரம்பு 2,600 ரூபாய் என்று சின்னச் சின்னத் திருத்தங்கள் வரும். வீட்டு விசாரணையில் "எவ்வளவு வரைக்கும் தாங்கும்" என்று கேட்டது இங்கே கைகொடுக்கும். உச்ச வரம்பு வைத்தால் விடுபட்ட தொகை யார் தலையில் என்பதையும் அதே மூச்சில் கணக்குப் போடுங்கள்.

எல்லாரும் முதல் இரண்டில் வந்துவிட்டால் தீர்மானம். ஒருவரோ இருவரோ கடைசிவரை நின்றால் அவர்கள் காரணத்தை அவர்கள் சொற்களிலேயே எழுதிக்கொண்டு விதிப்படி ஓட்டெடுங்கள். எல்லாரையும் சம்மதிக்க வைத்தே தீருவேன் என்று 11 மணி வரை இழுத்தால் கிடைப்பது அசதிதான், காலையில் கலைந்துவிடும்.

9. கூட்டம் சூடாகும்போது

பழைய கணக்கு வந்தால்: "மற்றவை" என்று ஒரு சார்ட்டை முதலிலேயே ஒட்டி வைத்திருங்கள். சொன்னவர் பார்க்கும்படி அதில் எழுதி, எந்தத் தேதிக்குள் பேசப்படும் என்றும் போடுங்கள். தேதி இல்லாவிட்டால் அது குப்பைத்தொட்டி என்று அவருக்குத் தெரியும்.

குரல் உயர்ந்தால்: நீங்கள் குரலை உயர்த்தாதீர்கள். அவர் சொன்னதில் சார்ட்டில் எழுதத்தக்கது எதுவோ அதை எழுதிவிட்டு, "சரியா எழுதியிருக்கேனா சார்?" என்று கேளுங்கள். கத்துகிறவர் பலருக்கும் வேண்டியது பதிவு. எழுதியதும் பாதி அடங்கிவிடும்.

"பேச்சிலருங்க", "கறி சமைக்கறவங்க", "அந்த ஊர்க்காரங்க" என்று ஆட்களைக் கூட்டமாகச் சுட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். நாசூக்கு வேண்டாம்: "வீட்டு எண்ணும் லிட்டரும் பேசுவோம், மனுஷங்களைப் பேச வேண்டாம்." இதில் ஒரு முறை கண்டும் காணாமல் விட்டால் பாதிக்கப்பட்டவர் அன்றைக்கு வாய் திறக்க மாட்டார், எந்த முடிவையும் மதிக்கவும் மாட்டார்.

எழுந்து போனால்: துரத்திக்கொண்டு போகாதீர்கள். அவரோடு பழக்கமுள்ள ஒருவர் மட்டும் போகட்டும். முடிவு எடுத்துவிட்டால் அன்றிரவே அவருக்கு நேரில் தெரிவியுங்கள், வாட்ஸ்அப்பில் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள்.

அமைதியை ஒப்புதல் என்று எண்ணுவது இன்னொரு பிழை. ஒன்றும் பேசாத வீட்டுக்காரரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். பல வீடுகளில் தண்ணீர்க் கஷ்டம் முழுதும் தெரிந்தவர் வீட்டு அம்மாதான். கூட்டத்துக்கு வந்து பேசுவதோ கணவர். இருவரையும் வரச்சொல்லி நோட்டீஸிலேயே எழுதுங்கள்.

10. மூன்று மாத ஒத்திகையாக எழுதுங்கள்

"இனிமேல் இப்படித்தான்" என்ற சொல் எதிர்ப்பவரைப் பயமுறுத்தும். "ஏப்ரல், மே, ஜூன் பில்லுக்கு மட்டும், ஜூலை முதல் சனிக்கிழமை மறுபடி கூடுவோம்" என்றால் "தாங்க முடியாது" என்றவர் கூட இறங்கிவருவார்.

மினிட்ஸை (கூட்ட முடிவுகளின் குறிப்பை) அங்கேயே எழுதி, கலையும் முன் உரக்கப் படியுங்கள். அதில் இருக்க வேண்டியவை: கணக்கிடும் சூத்திரம், ஒரு வீட்டை வைத்துப் போட்ட மாதிரிக் கணக்கு, ஆள் எண்ணிக்கை மாறினால் எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும், 15 நாளுக்கு மேல் தங்கும் விருந்தாளி கணக்கில் வருவாரா, சம்ப்பு அளவை யார் யார் எழுதுவது, எது நடந்தால் மூன்று மாதத்துக்கு முன்பே மறுபடி கூடுவது. விருந்தாளி வரி சின்னதாகத் தெரியும். மே மாத விடுமுறையில் பேரப்பிள்ளைகள் வந்து இறங்கும்போது முதல் சண்டை அதில்தான் கிளம்பும்.

எதிர்த்து நின்றவர்களில் ஒருவரைக் கண்காணிக்கும் இருவரில் ஒருவராகப் போடுங்கள். தான் கையெழுத்திட்ட எண்ணை அவரே குறைசொல்ல மாட்டார். தப்பு இருந்தால் முதலில் கண்டுபிடிப்பதும் அவராகவே இருப்பார்.

11. முதல் பில்

கூட்டத்தில் கிடைத்த உடன்பாடு முதல் பில்லில்தான் உடையும். பில்லில் மொத்தத் தொகையை மட்டும் போடாதீர்கள். எத்தனை லோடு, சம்ப்பில் அளந்த லிட்டர், மொத்த ஆட்கள், வீட்டுப் பங்கு 750, ஆட்பங்கு இத்தனை பேருக்கு இவ்வளவு என்று ஐந்து வரி இருக்கட்டும். லாரி பில்களின் நகலை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள்.

பில் போட்ட முதல் மூன்று நாள் பொருளாளர் மாலையில் ஒரு மணி நேரம் கீழே உட்காரட்டும். ஆள் எண்ணிக்கைத் தப்பு, வாடகைக்காரருக்கும் உரிமையாளருக்கும் இரட்டைப் பில் என்று இரண்டு மூன்று பிழை கட்டாயம் வரும். நேரில் திருத்தினால் ஐந்து நிமிடம். குரூப்பில் கேட்டால் "மெசேஜ் பார்த்தேன், நாளைக்குச் சொல்றேன்" என்று மட்டும் பதில் போட்டுவிட்டு மறுநாள் கதவைத் தட்டுங்கள்.

கசிவு வேலை முடிந்து ஏப்ரலில் 30-க்கு 27 லோடு ஆனால் அந்த எண்ணைப் பில்லின் முதல் வரியில் போடுங்கள். குறைந்தது 4,500 ரூபாய். லோடு குறையாவிட்டால் அதையும் அப்படியே போட்டு, இரவுச் சோதனையை அந்த வாரமே மறுபடி செய்யுங்கள்.